ஜன்னலில் தெரியும் கிரேன்

ஹலோ… ஹலோ, மாப்ள? கேக்குதா? … என்ன இரைச்சல் அது, காத்தா? … ம்… நான்தான். … ஆமா, ஆஸ்பத்திரில இருந்துதான். வேற எங்க இருந்து பேசுவேன், உங்க அம்மா வீட்டு விருந்துல இருந்தா? …

சிரிக்காத. சிரிக்காதடா. நீ சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும், எனக்குச் சிரிப்பு வந்தா இருமல் வரும், இருமுனா இந்த மெஷின் கத்தும், மெஷின் கத்துனா சிஸ்டர் ஓடி வருவாங்க. … ஆமா, இன்னும் கழட்டல. நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டி வச்சிருக்காங்க. கரண்டு மீட்டர் மாதிரி படுத்திருக்கேன். …

சரி, அதை விடு. கேபின்லதான இருக்க? … தெரியுது, தெரியுது. எம் பெட்டு ஜன்னல் ஓரம். எழுந்து சாஞ்சு உட்கார்ந்தா நம்ம கிரேன் அப்படியே தெரியுது. … நம்ம கிரேன்னா நம்ம கிரேன்தான். … சரிப்பா, உன் கிரேன். இன்னிக்கு உன் கிரேன். வச்சுக்க. …

கோவமா? எனக்கென்ன கோவம்? … இல்லன்னு சொல்றேன்ல! …

சரி, உச்சில வைக்கிற கடைசி இரும்பு உத்தரத்தை எப்பத் தூக்குற? … காத்து அடங்கணுமா… ம்… ம்… கட்டி ரெடியா இருக்கா? … ஆளுங்க எல்லாம் வந்தாச்சா? … பேப்பர்காரங்களுமா? … ஓஹோ. போட்டோவும் எடுப்பாங்க. … உன்னைத்தான் எடுப்பாங்க, பின்ன என்னையவா ஆஸ்பத்திரிக்கு வந்து எடுக்கப் போறாங்க? …

ம். நல்லது. ரொம்ப நல்லது. …

இல்ல மாப்ள, சும்மா ஒண்ணு கேக்குறேன். அந்தக் கட்டடத்துக்கு முதல் தூணைத் தூக்கி வச்சது யாரு? … சொல்லு. … வாயத் தொறந்து சொல்லு. … ஆங். நான். அப்ப நீ எங்க இருந்த? … லீவுல. உங்க அக்கா மகனுக்கு மொட்டை அடிக்… சரி சரி, என் மகன்தான். எனக்கு மட்டும் லீவு தரல, நீ தாய்மாமன்னு மடியில வச்சுக்க ஓடிட்ட. நான் அங்க தூண் தூக்கிட்டு இருந்தேன். மழையில, வெயில்ல, ஒவ்வொரு தளமா நான் ஏத்துனது. ரெண்டு பேரும் மாத்தி மாத்திதான், இல்லங்கல. ஆனா கடைசி உத்தரம் எனக்குன்னு போர்மேன் அவர் வாயாலேயே சொன்னாரு. நீயும் பக்கத்துல நின்ன. …

தெரியும். நான் படுத்திருக்கேன். அதுக்கு நீ என்ன பண்ணுவ. தெரியும்டா. …

ஆனா பாரு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ஒரே ரூம்ல துணி மாத்துறோம். ஒரே பிளாஸ்க்ல டீ குடிக்கிறோம். ஒரே வாரத்துல ரெண்டு பேருக்கும் காய்ச்சல். நீ தும்முன, நான் தும்முனேன். உனக்கு மூக்கு ஒழுகுச்சு, துடைச்சுட்டு வேலைக்கு வந்துட்ட. எனக்கு நெஞ்சுல சளி கட்டி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு வந்து ஆக்சிஜன் வைக்கிறாங்க. ஒரே கிருமிதான? என்கிட்ட மட்டும் அதுக்கு என்ன பகை? …

நீ மஞ்சள் போட்டு ஆவி பிடிச்சியா? நானும்தான் பிடிச்சேன்! உங்க அக்கா முதல்ல உனக்குத்தான் கஷாயம் கொண்டாந்தா. எனக்கு மிச்சம். … சத்தியமா. 'அவன் தனியா இருக்கான் பாவம்'னு சொல்லிட்டு தூக்குல ஊத்திக்கிட்டுப் போனா. நான் கட்டில்ல குளிர்ல நடுங்கிட்டுப் பாத்துட்டு இருந்தேன். … அட, இன்னும் சிரிக்கிறான். …

எல்லாத்துலயும் அப்படித்தான் நீ. லைசன்ஸ் டெஸ்ட்டு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுனோம். நீ ஒரே தடவைல பாஸ். நான் ரெண்டாவது தடவை. உனக்குத் தலைமுடி அப்படியே இருக்கு. எனக்கு ஹெல்மெட் போட்டா வழுக்குது. போர்மேன் உன்னைப் பாத்தா 'வாப்பா ராசா'ங்கிறாரு, என்னைப் பாத்தா 'என்னய்யா லேட்டு'ங்கிறாரு. நான் லேட்டாவே வந்ததில்ல மாப்ள! …

சரி… சரி… விடு. …

ஆங், டாக்டர் வந்தாரு. காலையில. … சொன்னாரு. … என்னத்தச் சொன்னாரு, சொன்னதையேதான் சொன்னாரு. நுரையீரல் தேவலாமாம். இதயம்தான் இன்னும் சரியாகணுமாம். … ஆமாடா, இதயம்தான். உங்க அக்கா சொல்லலயா? … சளின்னு மட்டும் சொன்னாளா? … பயந்துடுவன்னு சொல்லாம விட்டிருப்பா. பாரு, நீ பயந்துடக் கூடாது. அதுலயும் உனக்குத்தான் சலுகை. …

இல்ல, அட்டாக் இல்ல. அடைப்பு எல்லாம் ஒண்ணும் இல்லயாம். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, 'இதயத் தசைல அடிபட்டிருக்கு'ன்னாரு. நான் கேட்டேன், எப்ப சார் அடிபட்டுச்சு, நான் எங்கயும் விழலையேன்னு. … ம்… சிரிச்சாரு அவரும். அப்புறம் சொன்னாரு, இது அந்தக் காய்ச்சல் வேலைதான்னு. கிருமியோட உடம்பு மல்லுக்கு நிக்குதுல்ல, அந்த அடிதடில இதயத்துக்கும் விழுமாம். ரெண்டு பேரு சண்டை போடும்போது நடுவுல நின்னவன் மூக்கு உடையுமே, அந்த மாதிரி. … ம்… எல்லாருக்கும் வராதாம். இந்தக் காய்ச்சலோட ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றவங்கள்ல சிலருக்கு வரும், அதான் நெஞ்சுல சளின்னு வந்தாலும் இதயத்தையும் சேர்த்துப் பாக்குறோம்னாரு. …

ஸ்கேன்ல பம்பிங் குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. … சரியாயிடும்னுதான் சொல்றாரு. பெரும்பாலும் சரியாயிடுமாம். ஆனா மாசக் கணக்குல கனம் தூக்கக் கூடாது, ஓடக் கூடாது, மாடி ஏறக் கூடாது. நான் கேட்டேன், ஏணி ஏறலாமா சார்? எத்தனை படின்னு கேட்டாரு. நான் ஜன்னலக் காட்டுனேன். மனுசன் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. … ம். … அப்புறம் தோள்ல தட்டிட்டுப் போயிட்டாரு. …

ம்… ம்… பரவால்ல விடு. … நீ ஒண்ணும் ஆறுதல் சொல்ல வேணாம். மேல உட்கார்ந்துக்கிட்டு ஆறுதல் சொல்றது ஈஸி. …

இரு. கிரேன் கையை இந்தப் பக்கம் திருப்புறியா? … ஓ, சும்மா சரி பண்ணிப் பாக்குறியா. … பாத்துட்டுதான் இருக்கேன். … மாப்ள, என்ன இது இப்படித் திருப்புற? வெட்டி வெட்டிப் போகுது. … காத்து இல்லடா. காத்துன்னா ஆட்டம் வேற மாதிரி இருக்கும். இது கை நடுங்குற மாதிரி இருக்கு. நின்னு, போயி, நின்னு… லைசன்ஸ் எடுக்க வந்த பையன் மாதிரி. ஹா! போட்டோ எடுக்க வந்தவங்க பாத்துட்டு இருப்பாங்க மாப்ள. எனக்குப் பதிலா ஏறுனவரு லட்சணம் இதானான்னு…

என்னது? … என்ன சொன்ன? …

வேர்க்குதா? இந்தக் காத்துலயா? … ம்… ஏணி ஏறும்போதா. … உட்கார்ந்தியா? நீயா? பாதி வழில உட்கார்ந்தியா? … ஆஹா! ஒரே மூச்சுல ஏறி விசிலடிப்பியே, நான் பின்னாடி நாக்கைத் தொங்கப் போட்டுட்டு வருவேன்! உனக்கும் மூச்சு வாங்குச்சா! கேக்கவே காதுல தேன் பாயுதுடா. இன்னொரு தடவை சொல்லு. … மூணு இடத்துல உட்கார்ந்தியா. …

மூணு இடத்துலயா? …

மாப்ள. ஒரு நிமிஷம். வெளாட்டு இல்ல இப்ப. எப்ப இருந்து இப்படி? … நேத்தும் இருந்துச்சா? … ம்… ராத்திரி படுத்தா? … தலைகாணி ரெண்டு வச்சா தேவலையா. … ம்… ம்… நெஞ்சு? … நெஞ்சுல வலி இருக்கா? … வலி இல்லயா. வலி இல்லாட்டி என்ன இருக்கு? … யாரோ சாக்கு மூட்டையைத் தூக்கி வச்ச மாதிரியா? … வயித்துல கேஸா? நானும் கேஸ்னுதான் சொன்னேன் மாப்ள! எனக்கும் முதல்ல வலி இல்ல. இதே சாக்கு மூட்டைதான். படபடன்னு அடிச்சுக்குதா? … விட்டு விட்டு அடிக்குதா, கோழி சிறகடிக்கிற மாதிரி? … பேசு. … ஆமாவா, இல்லயா? …

நீ இறங்கு. … இறங்குன்னு சொல்றேன். இல்ல, இறங்காத, இரு, தனியா ஏணில கால் வைக்காத. முதல்ல வாக்கி-டாக்கில சொல்லு, உடம்பு சரியில்லன்னு. உத்தரம் அங்கேயே கிடக்கட்டும். …

என்ன? … என்ன சொன்ன நீ? …

பொறாமையா? …

ஆமாடா, பொறாமைதான்! இல்லன்னு சொல்லல. காலையில இருந்து ஜன்னல்கிட்ட உட்கார்ந்து பொசுங்கிட்டுதான் இருக்கேன். மழை வந்து இன்னிக்கு வேலை நின்னுடணும்னு வேண்டிக்கிட்டேன், போதுமா? போட்டோக்காரன் கேமரா கீழ விழுந்து உடையணும்னு நினைச்சேன். ஆனா இது அது இல்ல. இது வேற. … எப்படி வேறன்னா… எப்படிடா சொல்றது உனக்கு… நம்புடா! …

சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு வந்ததுதான் உனக்கும்னு எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்ல. ஆனா உன் கை எனக்குத் தெரியும். நீ வெண்ணெய்ல கத்தி விடுற மாதிரி திருப்புவ. அதைப் பாத்து எத்தனை நாள் எரிஞ்சிருக்கேன். அந்தக் கை இப்ப நடுங்குது. எம் பெட்டுல இருந்தே தெரியுதுன்னா எவ்வளவு நடுங்குதுன்னு யோசி. …

சிக்னல் வந்துடுச்சா? … தூக்காத. மாப்ள, தூக்காத. காத்து அடங்குனா அடங்கட்டும். கீழ யாரு நின்னா நமக்கென்ன… தூக்காதடா! … ஹலோ? … டேய்! …

தூக்குறான். … தூக்குறான் பாரு. …

சிஸ்டர், ஒண்ணுமில்ல சிஸ்டர், மெஷின் கத்துனாக் கத்தட்டும்… நான் படுக்க மாட்டேன். அந்தக் கிரேன்ல என் மச்சினன் இருக்கான். அவனுக்கும் என்னை மாதிரியே நெஞ்சு… ஆமா… ஆமா சிஸ்டர். மேல இருக்கான்… உங்க கையைக் கொஞ்சம் குடுங்க, பிடிச்சுக்கிறேன். …

மாப்ள. கேக்குதா? … உத்தரம் சைட்டு மதிலுக்கு மேல வந்துடுச்சு. நான் பாக்குறேன். … நிறுத்திட்டியா? ஏன் நிறுத்துன? … என்ன? … சத்தமாச் சொல்லு… கண்ணு இருட்டுதா? …

சரி. சரி. பயப்படாத. நான் இங்கதான் இருக்கேன். லீவரை விட்டுடாத, மெதுவா நடுவுக்குக் கொண்டு வா. … ஆங். … மூச்சை இழு. விடு. இழு. … கீழ ஆளுங்களை விலகச் சொல்லு. வாக்கி-டாக்கிய எடு… எடுத்தியா? … சொல்லு, எனக்குக் கேக்குற மாதிரி சொல்லு: 'எல்லாரும் விலகுங்க, இறக்குறேன்'. … கேட்டுச்சு. நல்லாச் சொன்ன. … விலகிட்டாங்களா? … இப்ப இறக்கு. எடுத்த இடத்துலயே. அவசரமில்ல. …

இறங்குது. … லேசா ஆடுது, ஆடட்டும், நீ எதையும் திருப்பாத, தானா நிக்கும். … நிக்குது பாரு. … இறக்கு. … அப்படித்தான் ராசா. … மதிலுக்குப் பின்னாடி போயிடுச்சு, இனிமே எனக்குத் தெரியாது, நீதான் சொல்லணும். … இன்னும்… இன்னும்… தொட்டுச்சா? … கம்பி தளர்ந்துச்சா? … தளர்ந்துடுச்சு! …

சிஸ்டர், இறக்கிட்டான் சிஸ்டர். …

இரு மாப்ள, வேலை இன்னும் முடியல. அவங்க கொக்கியக் கழட்டட்டும். … கழட்டிட்டாங்களா? கொக்கியை மேல ஏத்து. … ம்… தெரியுது, வருது, வருது. … போதும். இப்ப கிரேன் கையோட பிரேக்கை எடுத்து விட்டுடு, காத்துக்கு அது பாட்டுக்குத் திரும்பிக்கும். … ஆங். அவ்வளவுதான். கதவுத் தாழ்ப்பாளை மட்டும் நீக்கி வை. … இனிமே நீ எதையும் தொடாத. சாஞ்சு உட்காரு, சட்டை பட்டனைக் கழட்டு. …

போர்மேன்கிட்ட சொல்லு. … வாக்கி-டாக்கில சொல்லு… கூச்சப்படாத! 'நெஞ்சு அடைக்குது, என்னால இறங்க முடியாது, ஆளை அனுப்புங்க'. இதே வார்த்தை. கேஸுன்னு சொன்னா செருப்பால அடிப்பேன். … சொல்லு, நான் கேட்டுட்டு இருக்கேன். …

ம்… ம்… என்ன சொல்றாரு? … கயிறும் தூக்குப் படுக்கையும் எடுத்துட்டு ஏறுறாங்களா. … ஆம்புலன்ஸ்? … இங்கதான் கொண்டு வருவாங்க, வேற எங்க, இதுதான் பக்கம். … சிஸ்டர், கீழ எமர்ஜென்சில கொஞ்சம் சொல்லிடுறீங்களா? கிரேன்ல இருந்து ஒருத்தரைக் கொண்டு வர்றாங்க, போன வாரம் காய்ச்சல், இப்ப மூச்சு வாங்குது, படபடப்பு… நெஞ்சு எக்ஸ்ரேயோட நிறுத்த வேணாம், இதயத்தையும் பாக்கச் சொல்லுங்க சிஸ்டர். … நன்றி சிஸ்டர். …

மாப்ள? … இருக்கியா? … பேசிட்டே இரு. எதையாவது பேசு. …

அழுறியா? … டேய். … ம்… பயமா இருக்கா? … எனக்கும் இருந்துச்சு. ஆக்சிஜன் மாஸ்க் போட்டப்ப, பெரியவனுக்கு சைக்கிள் பிரேக்கு சரி பண்ணித் தரலையேன்னுதான் நினைச்சேன். சம்பந்தமே இல்லாம. உத்தரம், போட்டோ, ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. … ஆமா. எல்லாம் தெம்பு வந்தப்புறம்தான் இந்தப் பொறாமையும் வந்துச்சு. அதுக்கும் தெம்பு வேணும்போல. …

என்ன? … யாரு தூக்குவா இனிமே உத்தரத்தை? இப்ப அதுவா முக்கியம்? … யாராவது தூக்குவாங்க. பக்கத்து சைட்டுல ஒரு சின்னப் பையன் இருக்கானே, காதுல கடுக்கன் போட்டவன்… அவனையா போர்மேன் கூப்பிட்டிருக்காரு? … இப்பவேவா? … அவனா! … அவனுக்கு என்னடா தெரியும்! … நம்ம ரெண்டு பேரும் ஏத்துன கட்டடத்துக்கு, நேத்து வந்தவன் வந்து முடி சூட்டுறதா? … ஆமா, எனக்கும் எரியுது. … உன்னைவிட எனக்கு ஜாஸ்தி எரியுது. … சரி, சமமா எரியுது. சண்டை வேணாம், நெஞ்சுக்கு ஆகாது. …

மாப்ள, பாக்குறேன். ஏணிக் கூண்டுக்குள்ள ஆரஞ்சுச் சட்டை தெரியுது. ரெண்டு பேரு… மூணு பேரு. பாதி தாண்டிட்டாங்க. … வேகமாத்தான் ஏறுறாங்க. … உன்னால தலையைத் திருப்பிப் பாக்க முடியுதா? வேணாம், வேணாம், பாக்காத. நான் சொல்றேன், நீ கேளு. … இப்ப கேபினுக்குக் கீழ மேடையில நிக்கிறாங்க. … கதவு சத்தம் கேக்குதா? … வந்துட்டாங்களா! …

அப்பாடா. …

போனை அவங்ககிட்ட குடு. … குடுடா. … ஹலோ, தம்பி? மூஞ்சி எப்படி இருக்கு? … வெளுத்துப் போயிருக்கா… பேச்சு தெளிவா இருக்கா? … பேசுறானா. … நடக்க விடாதீங்க. 'நான் நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லுவான், கேக்காதீங்க. அவன் பேச்சைக் கேட்டு ஒரு படிகூட இறக்கிடாதீங்க, கட்டித்தான் இறக்கணும். … ஆங், சரி தம்பி, அவன்கிட்டயே குடுங்க, கட்டுற வரைக்கும் பேசிட்டு இருக்கேன். …

மாப்ள. … ம்… கட்டுறாங்களா? … இறுக்குதுன்னா இறுக்கட்டும். கூச்சமா இருக்குன்னு நெளியாத. … கீழ நிக்கிறவங்க எல்லாரும் பாக்குறாங்களா? பாக்கட்டும். போட்டோ எடுக்குறாங்களா! … கடைசில உன்னைத்தான்டா எடுக்குறாங்க! ஆஸ்பத்திரி போறதுக்கும் உனக்குத்தான் போட்டோ. எனக்கு வேனுக்குள்ள போர்வையப் போத்தி… சரி, சரி, சிரிக்காத, அப்புறம் சிரிக்கலாம். …

இதோ, கதவுகிட்ட உங்க அக்கா வந்துட்டா. ஆளுங்க வந்து பாக்குற நேரம் ஆயிடுச்சு. … இரு, நான் சொல்லிக்கிறேன். … வா, வா. உட்காரு. … இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா உட்கார்ந்திருக்கேன். உன் தம்பிதான் லைன்ல. … அந்தா, ஜன்னல்ல பாரு. … பதறாத. பேசிட்டுதான் இருக்கான். நெஞ்சு அடைக்குதுன்னான், தூக்குப் படுக்கையில வச்சு இறக்குறாங்க, இங்கதான் கொண்டு வர்றாங்க. நல்ல நேரத்துல பாத்தாச்சு… ஏய், பையக் கீழ போடாத, கொட்டுது… ஏய்! …

மாப்ள, உங்க அக்கா தரையில உட்கார்ந்துட்டா. … அழுறா. குலுங்கிக் குலுங்கி அழுறா. … நல்லாப் பாத்துட்டேன் மாப்ள, எனக்கு ஆக்சிஜன் வச்சப்ப இவ இப்படி அழல. சத்தியமா அழல. கண்ணைத் துடைச்சுட்டு பில் கவுண்டர் எங்கன்னு கேட்டவ இவ. உனக்குன்னா தரையில… இரு… இருடி, இன்னும் நான் பேசி முடிக்கல, போனைப் பிடுங்காத, ஒயரு… ஒயரு இழுக்குதுடி…